கணக்கில் ஓடும் தண்ணீர்

என் அண்ணா பெண்ணுக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வது வழக்கம். "இஞ்சினீயர்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பாலம், எந்த அணை, எந்தத் தொழிற்சாலை என்று அடுத்த கேள்வி வரும். மன்னி, "பெங்களூரில், கம்ப்யூட்டரில் ஏதோ" என்று முடித்து விடுவாள். இந்தக் காலத்தில் அந்தப் பதிலுக்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. நான் கொஞ்சம் துணிந்து, "யந்திரங்களைப் பற்றி எழுதுகிறாள்" என்பேன். கேட்டவர், "அடடா, அவளும் உங்களைப் போல எழுத்திலே இறங்கி விட்டாளா?" என்று அனுதாபத்துடன் பார்ப்பார். அண்ணா சொல்வது ஒரே வாக்கியம்: "கணக்கிலே தண்ணீர் ஓட்டுகிறாள்."

அதை அவர் சொல்கிற தோரணையைக் கேட்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் என்று வாய் விட்டுச் சொல்லவில்லையே தவிர, முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும்.

அண்ணா முப்பத்தொரு வருஷம் ஒரு நகரசபையின் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். ஆற்றங்கரையில் பெரிய கிணறு, அதன் மேல் பம்ப் ஹவுஸ். அங்கிருந்து பதினாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் நாலு கிலோ மீட்டர் ஓடி, ஊருக்கு அப்பால் மேட்டில் இருந்த தொட்டியில் போய்ச் சேரும். மோட்டாரின் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வார். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங்கின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கொண்டு, ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டரைப் போலக் கண்ணை மூடிக் கொள்வார். "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்று சொன்னால் பத்து நாள்தான் தாங்கும். அவருடைய பெண் முதலில் ஒரு குடிநீர்த் திட்டத்தில், வெயிலில், தலையில் ஹெல்மெட்டுடன் நின்றாள். அந்தப் போட்டோ அண்ணாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஒரு வருஷத்தில் அதை விட்டு விட்டுப் பெங்களூருக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் ஓட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் அவளிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீருக்குக் கோபம் வரும் என்பது அண்ணாவின் சித்தாந்தம். ஓடுகிற தண்ணீரைக் கெஞ்சித்தான் நிறுத்த வேண்டும்; அதட்டினால் திருப்பி அடிக்கும். நமக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. குளியலறைக் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அதே கோபந்தான், குழந்தைப் பிராயத்தில். அண்ணாவின் குழாயில் எந்த நிமிஷத்திலும் நிறைந்திருந்த தண்ணீரின் எடை சுமார் 385 டன். செகண்டுக்கு ஒரு மீட்டர் வீதம், அதாவது கடற்கரையில் உலாவுகிறவருடைய வேகத்தில், அது நகர்ந்து கொண்டிருந்தது. சரக்கு ஏற்றிய ரயில் வாகன்கள் ஐந்தாறைக் கோத்து நடை வேகத்தில் உருள விட்டு, எதிரே ஒரு சுவரை நிறுத்தினால் என்ன ஆகும்?

முழு நீரும் ஒரே சமயத்தில் நிற்பதில்லை என்பதுதான் விசேஷம். அடைப்பை ஒட்டிய தண்ணீர் முதலில் நிற்கும். பின்னால் வருவது அதன் மேல் மோதி நசுங்கி நிற்கும். அதன் மேல் அடுத்தது. 'நின்றாயிற்று' என்கிற செய்தி ஓர் அலையாகக் குழாய் நெடுகப் போகிறது. வார்ப்பிரும்புக் குழாயில் அந்தச் செய்தியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 1200 மீட்டர். நாலு கிலோ மீட்டர் போய்த் திரும்பி வர ஏழு செகண்டு கூட ஆகாது. மாஸ்கோ நகரத்தின் குடிநீர்க் குழாய்கள் வெடித்துக் கொண்டிருந்த காலத்தில், நிக்கொலாய் ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பேராசிரியர் அங்கே நிஜக் குழாய்களைப் போட்டுப் பரீட்சித்து, 1898-ல் இதை எழுதி வைத்தார். பின்னால் விமான சாஸ்திரத்தில் பெரும் பெயர் எடுத்தவர் அவர். அவருடைய சூத்திரத்தைப் பள்ளிக்கூடப் பையன் கூடப் போடலாம். தண்ணீரின் அடர்த்தி, அலையின் வேகம், ஓட்டத்தில் ஏற்பட்ட மாறுதல் இந்த மூன்றையும் பெருக்கினால் அடியின் அளவு வரும். அண்ணாவின் குழாயில் ஓட்டம் திடீரென்று நின்றால் கூடுகிற அழுத்தம் 120 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரத்துக்குச் சமம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இன்னொரு விமானத்தை வைத்தது போன்ற உயரம். குழாய் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்ததோ வெறும் நாற்பது மீட்டர்.

அந்தப் பெருக்கலோடு விஷயம் முடிந்திருந்தால் என் அண்ணா பெண்ணுக்கு வேலை இல்லை. நிஜத்தில் வழியிலே ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டில் அழுத்தம் குறைந்தால் நீர்த்தண்டு இரண்டாக அறுந்து, நடுவில் ஆவி நிரம்பிய ஒரு குமிழ் உண்டாகிறது. பிறகு இரண்டு துண்டும் ஓடி வந்து மோதிக் கொள்கின்றன. மோட்டார், பம்ப், திரும்பி வருகிற தண்ணீரைத் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு என்று இன்னும் பல பேர் அந்த நாடகத்தில் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள்.

நாடகம் என்று சொன்னதால் சொல்கிறேன்: இவர்கள் செய்வதற்கு நான் ஒத்திகை என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்குத் தண்ணீர் போகிற குழாயை, வெடிக்கிறதா பார்க்கலாம் என்று வெடிக்க வைக்க முடியாது. இன்னும் கட்டாத குழாயைப் பரீட்சை பண்ணவே முடியாது. கட்டின பிறகு கண்டுபிடித்தால் பணம் போன பிறகு வந்த புத்திதான். ஆகையால் நிஜத்துக்குப் பதிலாக வேறு ஒன்றை வைத்துக் கொண்டு ஒத்திகை பார்ப்பது என்பது இஞ்சினீயர்களுக்கு நெடுநாள் வழக்கம். 1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டார்க்கீ என்ற கடலோர ஊரில் வில்லியம் ஃப்ரூட் என்பவர் ஒரு நீளமான தொட்டியைக் கட்டி, அதில் பொம்மைக் கப்பல்களை இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பல்களின் குணத்தைச் சொன்னார். பொம்மையை நம்பலாமா என்று தெரிந்து கொள்ள, 'கிரேஹவுண்ட்' என்ற நிஜக் கப்பலையே இன்னொரு கப்பலால் இழுக்கச் செய்து ஒத்துப் பார்த்தார். ஆனால் பொம்மையில் ஒரு சங்கடம். கப்பலைச் சிறியதாக்கலாம், தண்ணீரைச் சிறியதாக்க முடியாது. அலையின் கணக்கு ஒரு விகிதத்தில் குறையும், தோலில் உராய்கிற கணக்கு இன்னொரு விகிதத்தில் குறையும். அவர் இரண்டையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட வேண்டியிருந்தது.

பிறகு சமன்பாடுகளையே யந்திரமாகச் செய்து பார்த்தார்கள். 1934-ல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியர் அப்படி ஒரு கணித யந்திரத்தைக் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ சாமான்களைக் கொண்டே கட்டினார். (பையன் அழுதானா என்று சரித்திரம் சொல்லவில்லை.) குழாய் இடிக்கென்றே ஸ்விட்சர்லாந்திலும் பிரான்ஸிலும் பெரிய காகிதத்தில் சாய்கோடுகள் போட்டுக் கண்டுபிடிக்கிற ஒரு முறை 1930களில் வந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் பென்சில் ஓய்ந்தது. ஆனால் இனிமேல்தான் எனக்கு உண்மையில் பிடித்த விஷயம் வருகிறது. கம்ப்யூட்டர் இருந்தும், அதற்கு ஆயிரம் பாஷைகள் இருந்தும், இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பாஷை ஏன் வேண்டியிருந்தது?

போன வருஷம் தீபாவளிக்கு வந்திருந்தபோது அவளிடமே கேட்டேன்.

"சித்தப்பா, ஓம் விதி படித்திருப்பீர்களே?" என்றாள்.

"படித்தேன். பரீட்சை முடிந்த அன்றே திருப்பிக் கொடுத்து விட்டேன்."

"கரண்டையும் தடையையும் பெருக்கினால் வோல்டேஜ். இதிலே எது காரணம், எது காரியம்?"

யோசித்தேன். பாட்டரியை மாட்டினால் வோல்டேஜ்தான் முதல். கரண்ட் அதன் பின்னால் வருகிறது. வேறு விதமாக மாட்டினால் கரண்ட் முதல். கம்பிக்கு முதல், இரண்டாவது என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் உறவு மட்டும். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டர் பாஷைகள் சமையல் குறிப்பைப் போன்றவை என்றாள். முதலில் இதை வறு, பிறகு அதை அரை, பிறகு இரண்டையும் சேர். எதிலிருந்து எது வரும் என்று எழுதுகிறவள் முன்கூட்டியே தீர்மானித்து, வரிசையாக உத்தரவு போட்டாக வேண்டும். அவள் எழுதுகிற பாஷை உறவு முறை சொல்வதைப் போன்றது. நான் உனக்கு மைத்துனன் என்றால் நீயும் எனக்கு மைத்துனன்தான். அதில் யார் முதல் என்ற பேச்சு இல்லை. பம்ப் இன்ன குணமுள்ளது, குழாய் இன்ன குணமுள்ளது, வால்வு இன்ன குணமுள்ளது என்று ஒவ்வொன்றின் சமன்பாட்டையும் அது அது இருக்கிறபடி எழுதி வைத்து விடுவது. எதை முதலில் கண்டுபிடிப்பது என்ற தலைவேதனையைக் கம்ப்யூட்டரிடம் விட்டு விடுவது.

"உத்தரவாகவே எழுதி விட்டால் என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"பம்ப் சுற்றினால் தண்ணீர் ஓடும் என்று உத்தரவு எழுதி விட்டீர்கள். கரண்ட் போய் விட்டது. மேட்டிலிருந்த தண்ணீர் திரும்பி வந்து பம்பை எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. இப்போது தண்ணீர் ஓடுவதால் பம்ப் சுற்றுகிறது. உங்கள் உத்தரவு என்ன செய்யும்?"

இந்த இடத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இது புது சமாசாரம் அல்ல. மாமியார் கடிந்ததால் மருமகள் வாயாடினாளா, மருமகள் வாயாடினதால் மாமியார் கடிந்தாளா என்று தீர்மானித்துக் கொண்டு எழுத உட்கார்ந்தால் கதை நாலாவது அத்தியாயத்திலேயே செத்துப் போகும். இருவரும் எப்படிப்பட்டவர்கள், ஒரே சமையலறையில் எப்படிக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதைச் சரியாக எழுதி விட்டால் சண்டை தன்னால் நடக்கும். எழுதுகிறவனே எதிர்பாராத நாளில் நடக்கும்.

இந்த வழியைத் தெளிவாக வகுத்தவர் ஹில்டிங் எல்ம்க்விஸ்ட் என்ற ஸ்வீடன் தேசத்துக்காரர். லுண்ட் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் 1978-ல் டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சியில் டைமோலா என்ற பாஷையை அமைத்தார். அந்த நாளைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய சுமை. யோசனை பல வருஷம் காத்திருந்தது. பிறகு பல தேசத்து இஞ்சினீயர்கள் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு பாஷை வைத்துக் கொண்டிருப்பதை விட எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று முடிவு செய்து, 1997-ல் மாடலிகா என்பதை வெளியிட்டார்கள். அவள் எழுதுவது அதில்தான்.

அதில் ஒன்றை மற்றொன்றோடு இணைக்கிற விதி அழகானது. இரண்டு சாமான்கள் சேர்கிற முனையில் அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றே. ஓட்டங்களைக் கூட்டினால் பூஜ்யம், அதாவது உள்ளே வந்ததெல்லாம் வெளியே போயாக வேண்டும். 1845-ல் கிர்க்காஃப் என்ற ஜெர்மன் மாணவர் மின்சாரக் கம்பிகளுக்குச் சொன்ன விதிதான் இது. கம்பியில் வோல்டேஜும் கரண்டும் எப்படியோ, குழாயில் அழுத்தமும் ஓட்டமும் அப்படி. உஷ்ணத்துக்கும், சுற்றுகிற தண்டுக்கும் அப்படியே ஒரு ஜோடி உண்டு. ஒரு பம்ப் ஹவுஸில் மின்சாரம் மோட்டாரில் முடிகிறது, மோட்டார் தண்டில் முடிகிறது, தண்டு தண்ணீரில் முடிகிறது. மூன்றுக்கும் மூன்று இஞ்சினீயர், மூன்று அறை, மூன்று கணக்கு நோட்டு. ஒருவர் நோட்டு மற்றவருக்குப் புரியாது. எந்த விபத்தும் மூன்று அறைகளின் வாசலில் தனித்தனியே வந்து நிற்பதில்லை. மூவரும் ஒரே பாஷையில் எழுதினால்தான் கரண்ட் போன செய்தி நாலு கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள தொட்டி வரைக்கும் ஒரே கணக்கில் போகும்.

எல்லாம் சரி, எழுதாதது அதில் இருக்காதே என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் கட்டின மில்லெனியம் நடைபாலத்தைப் பற்றிப் பல வாசகர்கள் படித்திருப்பார்கள். 2000-ஆம் வருஷம் ஜூன் 10-ந் தேதி திறந்தார்கள். ஜனங்கள் திரளாக நடந்தபோது அது பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. 12-ந் தேதி மூடி விட்டார்கள். கட்டினவர்கள் கணக்குப் போடாதவர்கள் அல்ல. மனிதன் நடக்கும்போது கால் கீழ் நோக்கி அழுத்துவதை வெகு கவனமாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு அடியிலும் அவன் கொஞ்சம் பக்கத்திலும் தள்ளுகிறான். தரை லேசாக ஆடினால், விழாமல் இருக்கக் காலை அகட்டி வைக்கிறான். அந்த அடி பாலத்தை இன்னும் ஆட்டுகிறது. பாலம் ஆடியதால் மனிதன் தள்ளினானா, மனிதன் தள்ளியதால் பாலம் ஆடிற்றா? மறுபடி மைத்துனன் கதை. பிறகு ஆட்களை நடக்க வைத்துப் பரீட்சித்தபோது 156 பேர் வரைக்கும் ஒன்றும் நேரவில்லை. இன்னும் பத்துப் பேர் சேர்ந்ததும் ஆட்டம் மளமளவென்று ஏறிற்று. அதிர்வை விழுங்குகிற சாதனங்களைப் பொருத்தி 2002-ல்தான் திறக்க முடிந்தது. அந்த உறவு கணக்கில் எழுதப்படாமல் விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். எழுதியிருந்தால் காகிதமே ஆடிக் காட்டியிருக்கும்.

இதை நான் சொன்னபோது அண்ணா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக் கொண்டிருந்தார். பேப்பர் புரளுகிற சத்தம் நின்று விட்டதைக் கவனித்தேன். சிறிது நேரத்தில் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏண்டீ, நடக்கப் போகிறதைத்தான் ஓட்டிப் பார்ப்பாயா? நடந்து போனதை ஓட்ட முடியுமா?"

இரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எதைக் கேட்கிறார் என்று.

1987-ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. அதற்குப் பிறகு சில விநாடிகளுக்குள், பம்ப் ஹவுஸின் வெளிச் சுவரை ஒட்டி இருந்த வளைவுக் குழாய் வெடித்தது. அங்கே லாந்தர் ஏற்றப் போயிருந்த ஹெல்ப்பர் பையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் விட்டது. விசாரணை நடந்தது. ஆபரேட்டர் பதற்றத்தில் டெலிவரி வால்வை அவசரமாக மூடியதே காரணம் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அண்ணாவுக்கு இரண்டு இன்கிரிமெண்ட் நிறுத்தம். அது போகட்டும். அந்தப் பையனின் தாயார் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் கொண்டு போனாள். அதற்குப் பிறகும் பதினேழு வருஷம் அவர் அதே பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தார். வால்வுச் சக்கரத்தில் தாம் கை வைத்தது நிஜம் என்பார். கை வைத்த பிறகு சத்தம் கேட்டதா, சத்தம் கேட்டுக் கை வைத்தாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஒரு நாள் ஒன்று தோன்றும், மறு நாள் மற்றொன்று. கணக்கு என்ற வார்த்தையே அவருக்கு ஏன் கசந்தது என்று இப்போது புரியும்: ரிப்போர்ட்டின் பின்னாலும் அரைப் பக்கம் கணக்கு இருந்தது. ஜுகோவ்ஸ்கியின் பெருக்கல்தான், வால்வு ஒரே கணத்தில் மூடியது என்று வைத்துக் கொண்டு போட்ட பெருக்கல்.

அவள் மடிக் கம்ப்யூட்டரைத் திறந்து, "சொல்லுங்கள் அப்பா" என்றாள்.

அவர் ஒரு காகிதமும் எடுக்கவில்லை. குழாயின் விட்டம், கனம், நீளம். ரயில்வே கேட்டுக்கு அருகில் இருந்த மேடு எவ்வளவு உயரம், பம்ப் ஹவுஸிலிருந்து எவ்வளவு தூரம். மோட்டார் நூறு குதிரைச் சக்தி, ஃப்ளைவீல் கிடையாது. டெலிவரி வால்வை முழுக்க மூட அறுபத்திரண்டு சுற்று. வரிசையாக ஒப்பித்தார். ஒவ்வொன்றும் ஒரு வரியாயிற்று. நடுவில் அவள் கை நின்றது.

"நான்-ரிட்டர்ன் வால்வு எப்படிச் சாத்தும்?"

"பழைய கதவு அம்மா. உடனே சாத்தாது. தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்த பிறகுதான் நினைவு வந்து சாத்தும். அறைகிற மாதிரி சாத்தும்."

எந்தப் புஸ்தகத்திலும் அந்தக் கதவைப் பற்றி அப்படி எழுதியிருக்காது. அதையும் அவள் சமன்பாடாக்கினாள். எவ்வளவு தாமதம் என்று அவரால் சொல்ல முடியாததால் பல விதமான தாமதங்களைப் போட்டாள். எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் சமன்பாடுகள் என்று கம்ப்யூட்டர் சொல்லிற்று. முதலில் வால்வை யாரும் தொடாமல் ஓட்டினாள். திரையில் ஒரு கோடு விழுந்து, தரையோடு கிடந்து, பிறகு ஒரு சிறு துள்ளல் துள்ளி, உடனே செங்குத்தாக ஏறிற்று.

"இரண்டு தட்டு" என்றார் அண்ணா. குரல் சரியாக எழும்பவில்லை. "முதலில் ஒன்று சின்னதாக, அப்புறம் பெரிசு. கேட்டேன்."

தெரியாதவற்றை எல்லாம் மாற்றி மாற்றி நாற்பது தடவை ஓட்டினாள். பெரிய அடி ஒன்பதாவது செகண்டுக்கும் பதினாலாவது செகண்டுக்கும் இடையில் வராமல் இருக்கவில்லை. பிறகு அவரே, "ரிப்போர்ட்டில் இருக்கிறபடி ஓட்டு" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து சக்கரத்துக்குப் போக நாலு செகண்டு. பிறகு செகண்டுக்கு ஒரு சுற்று என்று வைத்துக் கொண்டாள். மனிதனால் அந்த வேகத்தில் சுற்ற முடியாது என்றார் அவர்; இருக்கட்டும் என்றாள். கோடு இம்மி கூட மாறவில்லை. அடி வந்த நேரத்தில் அறுபத்திரண்டில் பத்துச் சுற்றுக் கூட ஆகியிருக்காது. அந்த மாதிரி வால்வில் முதல் பத்துச் சுற்று என்பது வாசற்கதவை ஒரு சாண் சாத்தினது போல. ஆள் போக வரத் தடையே இல்லை.

"அப்பா, இதைச் சாட்சி என்று எடுத்துக் கொள்ளாதீர்கள்" என்றாள் அவள். "நீங்கள் சொன்னதை நான் எழுதினேன். எழுதினதிலிருந்து என்ன வருமோ அதை இது சொல்கிறது. அந்த வளைவுக் குழாய் எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியாது. அதனால் வெடித்திருக்கும், வெடித்திருக்காது என்று சொல்ல மாட்டேன். சக்கரத்துக்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சொல்வேன். நாற்பது தடவையிலும் இல்லை."

அண்ணா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். மன்னி உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள், யாரும் போகவில்லை.

"ஏர் வெஸல் ஒன்று வைத்திருந்தால்?" என்று கேட்டார்.

பாதி காற்றும் பாதி தண்ணீருமாக, குழாயின் ஓரத்தில் நிற்கிற இரும்புத் தொட்டி அது. கரண்ட் போனால் உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரைத் தள்ளிக் கொடுத்து, ஓட்டம் திடீரென்று அறுந்து போகாமல் பார்த்துக் கொள்ளும். அவளுக்கு அது நாலைந்து வரி வேலை. பம்புக்குப் பக்கத்தில் அதை இணைத்து ஓட்டினாள். கோடு மேலும் கீழுமாகச் சோம்பேறித்தனமாக அசைந்து, அசைந்து, அடங்கிற்று. ஓர் இடத்திலும் நிமிரவில்லை.

"அந்த நாளில் இதற்கு என்ன விலை ஆகியிருக்குமோ" என்றாள்.

"நாற்பத்திரண்டாயிரம்" என்றார் அண்ணா. "நான்தான் கோயமுத்தூரிலிருந்து கொட்டேஷன் வாங்கி இரண்டு தடவை எழுதிப் போட்டேனே."